பருமன் குறைக்கும் ரண சிகிச்சையும் இரைப்பைக் கிருமியும்

(பெரியபாளையத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



தேகப் பருமனைக் குறைக்க இரைப்பையில் ரண சிகிச்சை செய்துகொள்வது நமது குடும்பங்களிலும் பேசப்படும் விஷயமாகிவிட்டது. அது தகுமா தகாதா என்று வாதாட நான் வரவில்லை. நீரிழிவும் பருமனும் சேர்ந்து வருத்தியோரிற் பலர் அதனால் நலமடைந்திருக்கின்றனர். கத்தி படுமுன், இரைப்பையிற் குடியிருக்கும் ஒரு கிருமியைப் பற்றி விசாரியுங்கள் என்பதே என் விண்ணப்பம்.

அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. பெரும்பாலும் சிறு பிராயத்திலேயே வீட்டாரிடமிருந்து தொற்றுவது; பலருக்கு யாதொரு உபத்திரவமும் தராமலே இருப்பது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து வைத்தியர்களான ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் 1982-ம் ஆண்டில் அதனைக் கண்டு வளர்த்தெடுத்தனர். புளிப்புமிக்க இரைப்பையிற் கிருமி வாழுமென்பதை வைத்திய உலகம் எளிதில் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் கிருமி கலந்த நீரைத் தாமே அருந்தி, சில நாட்களில் இரைப்பை அழற்சியும் கண்டார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குடற்புண்ணுக்கு மிளகாயையும் மனக்கவலையையுமே குற்றஞ்சாட்டி வந்த நாமும் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. புற்றுநோய் விளைவிப்பவற்றுள் ஒன்றென 1994-ல் இக்கிருமி சேர்க்கப்பட்டது.

நிற்க. சிகிச்சை முறைகளுள் ஒன்றில், இரைப்பையின் மேற்பாகத்திற் சிறு பை அமைத்துக் குடலோடு இணைத்துவிடுவர். எஞ்சிய பெரும்பாகம் உணவு செல்லாமல் உள்ளேயே தங்கிவிடும். வாய்வழி விடும் எண்டோஸ்கோப்பிக் குழாய் பின்னர் அவ்விடத்தை எளிதில் எட்டாது. அங்கே கிருமி செய்யும் கேட்டைக் கண்டறிவது கடினம். இணைப்பிடத்துப் புண்ணுக்கு இக்கிருமி எவ்வளவு காரணம் என்பதில் வைத்தியர்களுக்குள் அபிப்பிராய பேதமுண்டு. புகைபிடித்தலும் வலி மாத்திரைகளும் காரணமென்பதில் பேதமில்லை. எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கிருமிச் சோதனை கட்டாயமன்று. ஆகவே நாமே கேட்கவேண்டும்.

சோதனை மூச்சிலும் செய்யலாம், மலத்திலும் செய்யலாம், குழாய்வழி எடுத்த சதைத் துணுக்கிலும் செய்யலாம். இங்கேதான் ஒரு மோசம் நேருகிறது. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்த்து வேளைதப்பி உண்ணும் நம் பிள்ளைகள், ‘கேஸ் மாத்திரை’ என்று பேண்டோபிரசோலைத் தாமே கடையில் வாங்கி விழுங்குகின்றனர். அது கிருமியை அடக்கி வைக்குமேயன்றி ஒழிக்காது; இருக்கும் கிருமியைச் சோதனையில் இல்லையென்று காட்டிவிடும். ஆதலின் வைத்தியரைக் கலந்து, சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அதனையும், நான்கு வாரம் முன்பே ஆன்டிபயாடிக் மருந்துகளையும் நிறுத்தவேண்டும்.

கிருமி இருப்பின் பெரும்பாலும் 14 நாள் மருந்து தருவர். மூன்றாம் நாளே வயிறு சரியாயிற்றென்று நிறுத்துவோர் நம்மிற் பலர். நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். மருந்து முடிந்து நான்கு வாரம் சென்றபின் மறுசோதனை செய்து, கிருமி ஒழிந்ததென்று தெரிந்த பிறகு ரண சிகிச்சைக்கு நாள் குறிக்கும்படி கேளுங்கள். சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளக் கூச்சப்பட வேண்டா.