விற்கும் வீட்டின் குளியலறைத் தளம்

வீட்டை விற்க எண்ணுகிறவர் முதலில் சுவர்களுக்கு வெள்ளையடிக்கிறார். அடுத்தபடியாக, குளியலறையின் பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டுப் புது ஓடு பதிக்கலாமா என்று யோசிக்கிறார். வாங்க வருகிறவரின் கண் அங்கேதான் முதலில் செல்லும் என்பது அவர் கணக்கு. செலவில் இறங்குமுன் சில செய்திகளைக் கவனிப்பது நலம்.

டில்லி, மும்பை முதலிய நகரங்களின் பழைய அடுக்கு வீடுகளில் பெரும்பாலும் மோஸைக் தளத்தைக் காணலாம். பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டுடன் கலந்து பரப்பி, இறுகியபின் தேய்த்து மெருகேற்றுவது அது. அமிலம் ஊற்றிக் கழுவுவதே அதன் மெருகைக் கெடுக்கிறது. பளிங்கும் சுண்ணாம்பின் இனமாதலால் அமிலம் அதை அரித்துவிடும். தளம் விரிசலின்றி உறுதியாக இருக்குமாயின், இயந்திரத்தால் மறுபடி தேய்த்தாலே போதும், பெயர்க்க வேண்டுவதில்லை.

கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் காண்கிறதென்றால் நிலைமை வேறு. ஓடு அழகுக்கு மட்டுமே. நீரைத் தடுப்பது அதன் அடியிலுள்ள காப்புப் பூச்சாகும். பழைய தளத்தின்மீதே புது ஓட்டை ஒட்டினால் கசிவு மறையுமேயன்றி நிற்காது. தரையும் உயர்ந்து, நீர் வாயிற்படியைத் தாண்டக்கூடும். முறையான வேலை யாதெனில், தளத்தைப் பெயர்த்து, குழாய் இணைப்புகளைச் சோதித்து, காப்புப் பூச்சிட வேண்டும். பூச்சு காய்ந்தபின், நீர் வெளியேறும் வாயை அடைத்து, 24 முதல் 48 மணி நேரம் நீரைத் தேக்கிக் கீழ்க் கூரையைப் பார்க்க வேண்டும். அதன்பின்பே, அந்த வாயை நோக்கிச் சரிவு அமைத்து ஓடு பதிக்கலாம். முதியோர் வழுக்கி விழாதிருக்க, பளபளப்பற்ற, சொரசொரப்பான ஓடே உகந்தது.

இதில் சட்டமும் சம்பந்தப்படுகிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும். மறைப்பதை மோசடி என்றே அப்பிரிவு கூறுகிறது. கசிவை அறிந்தும் அதன்மேல் ஓடு பதித்து விற்பவர் இதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆகவே, பழுது பார்க்க வசதியிருப்பின் செவ்வனே பார்த்து, செலவுச் சீட்டுகளை வாங்குபவரிடம் காட்டலாம். வசதியில்லையேல் குறையைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்துக்கொள்ளலாம். அந்த அறையின் தரைக்குக் கீழே இன்னொரு குடும்பம் வாழ்கிறது. வீடு கைமாறிய பின்னும் கசிவு அவர்கள் கூரையில்தான் சொட்டும்.