பீப்பாயும் பாக்கெட்டும்



வீட்டிலேயே பீர் தயாரித்து, அதைப் பாட்டிலில் அடைக்காமல் சின்ன எஃகுப் பீப்பாயில் நிரப்பி, குழாயைத் திறந்து ஊற்றிக் குடிப்பது பல நாடுகளில் சட்டம் அனுமதித்த பொழுதுபோக்கு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலருக்கும் இதில் ஆசை உண்டு. முதல் முறை இறங்குகிறவர் என்னென்ன வாங்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு கல்வராயன் மலைக்கும் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த கள்ளக்குறிச்சிக்கும் வருகிறேன். உண்மையில் நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

அந்தப் பீப்பாய் முதலில் பீருக்காகச் செய்யப்படவில்லை. அமெரிக்காவில் குளிர்பானக் கம்பெனிகள் பாகை நிரப்பிக் கடைகளுக்கு அனுப்பி வந்த பாத்திரம் அது. கொள்ளளவு 5 கேலன், ஏறத்தாழ 19 லிட்டர். கம்பெனிகள் அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை வைக்கும் முறைக்கு மாறியதும் பழைய பீப்பாய்கள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. வீட்டில் பீர் செய்கிறவர்கள் அவற்றை வாங்கிக்கொண்டார்கள். மேலே இரண்டு வாய் இருக்கும். ஒன்றின் வழியாகக் கரியமில வாயு உள்ளே போகும். மற்றொன்றில் அடிவரை இறங்கும் குழாய் வழியாக பீர் வெளியே வரும். மூடியில் ஒரு வால்வு இருக்கும். தேவைப்பட்டால் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அதன் வழியாக வெளியேற்றிவிடலாம். இதோடு ஒரு வாயு சிலிண்டர், ஒரு ரெகுலேட்டர், இரண்டு ட்யூப், ஒரு குழாய், பீப்பாய் நிற்கும் அளவுக்கு ஒரு பழைய ஃபிரிட்ஜ். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

பீப்பாயைப் பழையதாக வாங்கினால் தவறில்லை. ரப்பர் வளையங்களை மட்டும் புதிதாக மாற்றிவிட வேண்டும். ரெகுலேட்டரில் சிக்கனம் கூடவே கூடாது. சிலிண்டருக்குள் வாயு சுமார் 800 பி.எஸ்.ஐ. அழுத்தத்தோடு இருக்கும். பீப்பாய்க்குத் தேவை 10, 12 பி.எஸ்.ஐ. மட்டுமே. இரண்டுக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு கருவிதான். 4 டிகிரி குளிரில் அந்த அழுத்தத்தை வைத்துவிட்டு ஒரு வாரம், பத்து நாள் பொறுத்தால் வாயு பீரில் கலந்துவிடும். அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டியவருக்கு வெறும் நுரைதான் கிடைக்கும். கரியமில வாயுவுக்கு மணம் இல்லை, காற்றைவிடக் கனமானது. சன்னல் இல்லாத அறையில் கசிந்தால் மூச்சை நிறுத்திவிடும்.

இந்தச் சாமான்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கொள்ளளவு எவ்வளவு, எத்தனை அழுத்தம் தாங்கும், கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பதெல்லாம் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே ஊற்றியதை ஊற்றியவரே குடிக்கிறார். தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்ற சந்தேகத்துக்கே இடமில்லை.

அமெரிக்காவில் வீட்டில் பீர் செய்வதற்கான அனுமதி 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வந்தது. ஒரு வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை செய்து, விற்காமல் சொந்தமாகக் குடிக்கலாம். அந்தச் சட்டமும் புளிக்கவைப்பதற்கு மட்டுமே இடம் தந்தது. காய்ச்சி வடிப்பதற்கு அனுமதி தரவில்லை. தமிழ்நாட்டில் இரண்டுக்குமே அனுமதி இல்லை. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் எந்த மதுவைத் தயாரித்தாலும் குற்றம். பீரும் அதில் அடக்கம். ஆகவே பீப்பாய் வாங்கும் யோசனை, அதற்கு அனுமதி உள்ள நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும்.

அந்த 1937-ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு மிக நெருக்கமானது. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, அக்டோபர் 1-ஆம் தேதி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு இறங்குவது அந்தச் சேலத்தில்தான். கிழக்குச் சரிவு இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இறங்குகிறது.

மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் நாங்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சாமையும் மரவள்ளியும் விளையும் நிலம். 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை இது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்துத்தான் அரசு நிர்வாகம் நேரடியாக மேலே ஏறியது. சாலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அந்த அளவுக்குப் பிந்தித்தான் வந்தன.

ஓடையோரத்துக் காட்டில் பேரல் வைத்து ஊறல் போடுவது அந்த மலையில் பல காலமாக நடக்கிறது. அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை, சுற்றிலும் கரும்பு. ஊறலுக்கு வேண்டிய வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு என்ற செய்தியைப் பத்திரிகையில் படிக்காத கள்ளக்குறிச்சிக்காரர் இருக்கமாட்டார். வடித்த சாராயம் லாரி டியூப்பில் இறங்கி, அடிவாரத்து ஊர்களில் பாக்கெட்டாக மாறும். குடும்பங்களைக் கெடுத்த தொழில்தான் அது; அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் சாவுகளை உண்டாக்கிய சரக்குக்கும் அந்த ஊறலுக்கும் ஒரே பெயர் வைத்துப் பேசுவது பெரும் பிழை. அந்தப் பிழை தொடர்ந்தால் அடுத்த சாவையும் நம்மால் தடுக்க முடியாது.

ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல். அரசு மருத்துவமனையில் இடம் போதாமல் சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று அனுப்பினார்கள். இறந்தவர்கள் அறுபதுக்கும் மேல். பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள், பெண்களும் இருந்தார்கள். டாஸ்மாக் குவார்ட்டரின் விலையில் பாதிக்கும் குறைவாக அந்தப் பாக்கெட் கிடைத்தது. சோதனையில் அதில் இருந்தது மெத்தனால் என்று தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பக்கத்திலும் உயிர்களைப் பறித்ததும் இதே மெத்தனால்தான்.

வெல்லத்தை ஈஸ்ட் புளிக்கவைக்கும்போது உண்டாவது எத்தனால். மெத்தனால் முக்கியமாகப் பழத்தோலில் உள்ள பெக்டின் என்ற பொருளிலிருந்து வருவது; வெல்ல ஊறலில் அதற்கு வழி மிகக் குறைவு. ஒரு தெருவையே சாய்க்கும் அளவு மெத்தனால் எந்த ஓடையோரத்துப் பேரலிலும் ஊறி வராது. அது தொழிற்சாலைச் சரக்கு. பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகி, பெயின்ட், தின்னர், பிசின் செய்யும் இடங்களுக்கு டேங்கர் லாரியில் போவது. வழியில் எங்கோ ஓர் ஓட்டை வழியாக அது சாராய வியாபாரியின் கைக்கு வருகிறது. காய்ச்ச வேண்டாம், காத்திருக்க வேண்டாம். தண்ணீர் கலந்து பாக்கெட் போட்டால் முடிந்தது. ஆகவே மலையில் ஊறலைக் கொட்டி அழிப்பது ஒரு வேலை, மெத்தனால் கிடங்கின் கணக்கை லிட்டர் லிட்டராகச் சரிபார்ப்பது இன்னொரு வேலை. கருணாபுரத்து மக்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இரண்டாவது வேலை. பழியை மலைவாழ் மக்கள்மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, மெத்தனால் எப்படிக் கொல்கிறது என்பது. எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெத்தனால் உடலுக்குள் போனவுடன் பெரிதாக எதுவும் செய்வதில்லை. கல்லீரலில் உள்ள நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. பிறகு அது ஃபார்மிக் அமிலமாகிறது. அந்த அமிலம் செல்களை ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. கண் நரம்பு முதலில் அடி வாங்கும். இவ்வளவும் நடக்க 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். கூடவே எத்தனாலும் இருந்தால் நொதி முதலில் எத்தனாலைத்தான் எடுத்துக்கொள்ளும். அப்போது விஷம் இன்னும் தாமதமாகத் தலைகாட்டும். இரவு குடித்தவர் காலையில் நன்றாக எழுந்து வேலைக்குப் போய், மாலையில் பார்வை மங்கிச் சாய்வது இப்படித்தான். 10 மில்லி பார்வையைப் பறிக்கப் போதும்; 30 மில்லி உயிரையே எடுக்கலாம்.

அந்தத் தாமதம் கொடியது. கருணாபுரத்தில் முதலில் இறந்தவரின் துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. சாவுக்குக் கள்ளச்சாராயம் காரணம் என்று மாவட்ட நிர்வாகம் தொடக்கத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சில மணி நேரத்தில் எத்தனை பாக்கெட் பிரிக்கப்பட்டிருக்கும் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. 2012 செப்டம்பரில் செக் நாட்டில் இதே மெத்தனால் சாவுகள் தொடங்கியபோது, சில நாட்களுக்குள் 20 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள எல்லா மதுவின் விற்பனையையும் நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர்கள் கொதித்தார்கள், அரசுக்கு வரி போயிற்று. ஆனாலும் எதைத் தொடக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தது.

இங்கே 2024 ஜூன் இறுதியில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை என்று கடுமையாக்கியது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையையும் அதே நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. இவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது கடைசியாகச் சொன்னதுதான். மலைமேல் பிழைப்புக்கு வழி திறந்தால் பேரலுக்கு ஆள் குறையும்.

இப்போது சில நம்பிக்கைகளைப் பற்றி. தீக்குச்சி கிழித்து வைத்தால் நீலமாக எரியும் சரக்கு நல்ல சரக்கு என்பார்கள். எத்தனாலும் நீலம்தான், மெத்தனாலும் நீலம்தான். மணத்தாலும் சுவையாலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் விஷத்தை முறிக்காது. மருத்துவமனையில் ஃபோமெபிசோல் என்ற மருந்தை ஏற்றுவார்கள். அது கிடைக்காத இடத்தில் எத்தனாலையே அளந்து, இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே கொடுப்பார்கள். தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வார்கள். இதைக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் குடித்தால் சரியாகிவிடும் என்று யாரும் வீட்டில் முயலக் கூடாது. பார்வை போகும், உயிரும் போகும்.

யாராவது பாக்கெட் சாராயம் குடித்துவிட்டு, தலைவலி என்றோ வயிற்றுவலி என்றோ கண்ணுக்குப் பனி படர்ந்ததுபோல் இருக்கிறது என்றோ சொன்னால், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். போலீஸ் கேட்கும் என்று பயந்து வயிற்றுக்கோளாறு என்று மறைக்காதீர்கள். எப்போது குடித்தார், எவ்வளவு குடித்தார் என்று மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். மிச்சம் இருக்கும் பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அதே ஆளிடம் அன்று வாங்கிக் குடித்த மற்றவர்கள் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாலும், அவர்களையும் அதே வண்டியில் ஏற்றிவிடுங்கள்.