மெஜஸ்டிக்குக்கு அடுத்த நிறுத்தம்

கோலார் தங்கவயல்காரர்களுக்குப் பெங்களூரு என்றால் ரயில்தான். விடியுமுன் மாரிகுப்பத்தில் ஏறி, சாம்பியன் ரீஃப், கோரமண்டல் தாண்டி, பங்காருபேட்டை வழியாக நகரத்துக்குப் போய் இறங்குகிறோம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடிய பிறகு எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்கு அந்த ரயில்தான் சோறு போடுகிறது. இறங்கிய கையோடு மெஜஸ்டிக்கில் மெட்ரோ பிடித்து விதான சௌதா பக்கம் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு முதலில் வரும் நிறுத்தத்தின் பெயர், சர் எம். விஸ்வேஸ்வரய்யா நிலையம், சென்ட்ரல் காலேஜ். அந்தக் கல்லூரியின் விளையாட்டு மைதானத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1858-இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1875-இல் சென்ட்ரல் காலேஜ் ஆனது அது. விஸ்வேஸ்வரய்யா 1881-இல் பி.ஏ. முடித்தது அங்கேதான். ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியும் அங்கே படித்து 1894-இல் பட்டம் பெற்றார்.

ராஜாஜி படித்த காலத்தில் அங்கே ஆங்கிலம் நடத்தியவர் ஜான் குத்ரி டெய்ட். ஸ்காட்லாந்து அணிக்காக ரக்பி ஆடியவர். பின்னாளில் அந்தக் கல்லூரிக்கே முதல்வரானார். அவர் தம்பி ஃப்ரெடி டெய்ட் பிரிட்டனின் அமெச்சூர் கோல்ஃப் பட்டத்தை 1896-இலும் 1898-இலும் வென்றவர். தந்தை பீட்டர் குத்ரி டெய்ட், எடின்பரோவில் இயற்பியல் பேராசிரியர். கோல்ஃப் பந்து சுழலும்போது ஏன் அவ்வளவு தூரம் பறக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்! படிப்பையும் ஆட்டத்தையும் வேறு வேறாகப் பார்க்காத குடும்பம். அப்படி ஒருவர் வாத்தியாராக வாய்த்தால் மைதானம் சும்மா கிடக்காது என்று நான் நம்புகிறேன்.

அந்த மைதானம் பேர் வாங்கியது கிரிக்கெட்டில். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னை அணியும் மைசூர் அணியும் மோதின. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, ஒரே நாளில் மைசூர் தோற்றுத் திரும்பியது. அந்த மைசூர் அணிக்குப் பல ஆண்டுகள் தாய்வீடாக இருந்தது சென்ட்ரல் காலேஜ் மைதானம்தான். 1960-களில் பிரசன்னாவும் சந்திரசேகரும் பந்து வீசியதும், அவர்களுக்குப் பின்னால் வந்த விஸ்வநாத் மட்டை பிடித்ததும் இதே மண்ணில்தான்.

பிறகு கப்பன் பூங்காவை ஒட்டிப் புதிய ஸ்டேடியம் எழுந்தது. 1974 நவம்பரில் அங்கே முதல் டெஸ்ட் ஆட்டம். மேற்கிந்தியத் தீவுகளின் கிரீனிட்ஜும் ரிச்சர்ட்ஸும் டெஸ்டில் அடியெடுத்து வைத்த ஆட்டம் அது. பெரிய ஆட்டங்களும் கூட்டமும் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. ஆனால் அதே ஆண்டு தொடக்கத்தில், தொடர்ந்து 15 முறை கோப்பையை வைத்திருந்த பம்பாயை மடக்கி, கர்நாடகம் என்று பெயர் மாறிய மைசூர் அணி முதல்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றதே, அந்த அணி புது ஸ்டேடியத்தில் முளைத்ததில்லை. கல்லூரி மைதானத்தில் விளைந்த பயிர் அது.

அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பாலுக்கு இப்படி ஒரு தாய்வீடு இருந்தது. ஒமாஹா நகரின் ரோசன்பிளாட் ஸ்டேடியம். 1950 முதல் 2010 வரை கல்லூரிகளின் இறுதிப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. புதிய அரங்கம் வந்ததும் பழையதை இடித்தார்கள். இடித்தாலும், மட்டையாளர் நின்று ஆடிய இடத்தையும் உள்வட்டத்தையும் அடையாளம் காட்டி, பிள்ளைகள் ஆடும்படி ஒரு சிறு களம் அமைத்தார்கள். அந்த அக்கறை எனக்குப் பிடிக்கிறது. நம் கல்லூரி மைதானத்தின் நினைவையும் அப்படிக் காக்கலாம்.

நம் சுரங்க லைன் வீடுகளிலிருந்தும் அந்தக் காலத்தில் சென்ட்ரல் காலேஜுக்குப் படிக்கவோ மைசூர் ஆட்டம் பார்க்கவோ ரயிலேறிப் போனவர்கள் இருப்பார்கள். இன்று அவர்கள் எண்பது வயதைத் தொட்டிருப்பார்கள். உங்கள் வீட்டுத் தாத்தா அப்படி ஒருவர் என்றால், இன்று மாலையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு, யார் ஆடினார்கள், எங்கே நின்று பார்த்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.