வாசிக்க மறுக்கும் வட்டு



பழைய வீட்டுக் கணினிகளில் வழங்கிய பிளொப்பி வட்டுகள் இன்றும் பல இல்லங்களில் அலுமாரியின் அடித்தட்டிலே உறங்குகின்றன. அவற்றை எடுத்துக் கணினியில் இட்டதும் 'வட்டிலே பிழை' என்ற அறிவிப்புத் தோன்றினால், நாம் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கலைப் பட்டதாரியாகிய எனக்கு இதனைப் பேச என்ன தகுதி உண்டு என்று நீங்கள் வினவலாம். முன்னொருகால் பிழை செய்து அதனால் வருந்தியவன் என்பதே என் தகுதி.

1998 ஆம் ஆண்டில் நான் இளம் ஆசிரியனாயிருந்தேன். எங்கள் பாடசாலையின் பழைய சேர்வு இடாப்பைக் கறையான் அரித்துக்கொண்டிருந்தது. கணித ஆசிரியரான முதியவர் ஒருவர், மாணவர் பெயர்களையும் பிறந்த தேதிகளையும் தம் வீட்டுக் கணினியில் ஒவ்வொன்றாகப் பதிந்து, ஐந்தேகால் அங்குல வட்டொன்றிலே சேமித்து வைத்தார். விடுகைப் பத்திரம் கேட்டு வருவோருக்கு அவ்வட்டே ஆதாரமாயிற்று. நான் அதனை நண்பர் ஒருவரின் புதிய கணினிக்கு எடுத்துச் சென்று, விடுபட்ட பெயர்களைச் சேர்த்து, அதே வட்டில் மீண்டும் பதிந்து கொணர்ந்தேன். மாஸ்ரரின் கணினியோ அதனை வாசிக்க மறுத்துவிட்டது.

வட்டை அழித்துப் புதிதாக அமைத்துவிடலாம் என்று அருகிருந்த ஒருவர் ஆலோசனை கூறினார். மாஸ்ரர் இசையவில்லை. "தம்பி, வட்டு ஊமையா, அல்லது எங்கள் கணினி செவிடா என்று முதலில் பார்ப்போம். எழுதிய இடத்துக்கே கொண்டுபோம்," என்றார். அவ்வாறே கொண்டு சென்றேன். அங்கே அத்தனை பெயர்களும் பழுதின்றித் தோன்றின!

இதன் காரணம் எளியது. வட்டைச் சுழற்றி வாசிக்கும் கருவியை ட்ரைவ் என்பர். மாஸ்ரருடையது 360 கிலோபைட் வகை. வட்டின் ஒரு பக்கத்தில் 40 தடங்களை இடுவது. நண்பருடையது, 1984 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.டி. கணினியுடன் வந்த 1.2 மெகாபைட் வகை. 80 தடங்களை இடுவது. ஆகவே அதன் காந்தத் தலை ஒடுங்கியது. அகன்ற தூரிகையால் எழுதிய பழைய எழுத்தின்மேல் மெல்லிய எழுதுகோலால் எழுதினால் ஓரங்களில் பழைய மை எஞ்சி நிற்குமன்றோ? ஒடுங்கிய தலை தான் எழுதியதை மட்டும் கண்டது. அகன்ற தலையோ பழையதையும் புதியதையும் ஒருங்கே கண்டு மயங்கியது. வட்டும் பழுதன்று, ட்ரைவும் பழுதன்று. இரண்டுக்குமிடையே பொருத்தமில்லாமையே பழுது.

மூன்றரை அங்குல வட்டுகளிலும் இத்தகைய மயக்கங்கள் உண்டு. 1.44 மெகாபைட் வட்டின் ஒரு மூலையில், 720 கிலோபைட் வட்டில் இல்லாத துளையொன்று இருக்கும். பல ட்ரைவுகள் அத்துளையைக் கொண்டே வகையை அறிகின்றன. துளையை ஒட்டுத்தாளால் மூடிப் பதிந்த வட்டிலிருந்து பின்னர் அத்தாளை நீக்கினால், வாசிப்புத் தவறும். அமிகா கணினியின் 880 கிலோபைட் வட்டுகளையும், பழைய மக்கின்டொஷின் 400, 800 கிலோபைட் வட்டுகளையும் சாதாரண கணினியின் ட்ரைவ் வாசிக்க இயலாது. இன்று யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் ட்ரைவுகளுக்கும் அது பொருந்தும். அவ்வேளையில் கணினி, 'இவ்வட்டு அமைக்கப்படவில்லை, அமைக்கவா?' என்று வினவும். தான் அறியாத மொழியை எழுத்தே இல்லை என்று கூறுவது போன்றது அவ்வினா. 'வேண்டாம்' என்பதே அதற்குரிய விடை.

ஆதலின், பிழை கண்டவிடத்து நான் கைக்கொள்ளும் முறை இதுவே. முதலாவதாக, வட்டில் எதுவும் எழுதப்படாதபடி காப்பேன். ஐந்தேகால் அங்குல வட்டில் விளிம்பிலுள்ள வெட்டை மூடினால் காப்பு. மூன்றரை அங்குல வட்டிலோ சிறு சாளரத்தைத் திறந்து வைத்தால்தான் காப்பு. இரண்டும் நேர்மாறானவை என்பதை மறவாதீர்கள். இரண்டாவதாக, வட்டில் பூஞ்சணம் படர்ந்துள்ளதா என்று பார்ப்பேன். பூஞ்சணம் படிந்த வட்டு ட்ரைவின் தலையை அழுக்காக்கும். அவ்வழுக்கு அடுத்த வட்டையும் கீறும். உராயும் ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். மூன்றாவதாக, நல்லதென்று அறிந்த வேறொரு வட்டை அதே ட்ரைவில் இட்டுப் பார்ப்பேன். அதுவும் வாசிக்கப்படாவிடின் ஐயம் ட்ரைவின்மேல் திரும்பும். அது வாசிக்கப்பட்டால், பழுதென்று எண்ணிய வட்டை அதனை எழுதிய ட்ரைவிலோ, அவ்வகையைச் சேர்ந்த வேறொன்றிலோ இட்டுச் சோதிப்பேன். பிழை திருத்தும் செயல்நிரல்கள் வட்டின்மீதே எழுதக்கூடியவை. ஆகவே முழு வட்டையும் படியெடுத்த பின்னர், அப்படியின்மீதே அவற்றை ஏவுதல் வேண்டும்.

மாஸ்ரரின் வட்டை அன்றே வேறிரண்டு வட்டுகளில் படியெடுத்தோம். சில வாரங்களின் பின் முதியவர் ஒருவர் தம் பிறந்த தேதிக்குச் சான்று கேட்டு வந்தார். இடாப்பின் அப்பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. வட்டிலோ அவர் பெயர் இருந்தது. பத்திரத்தைக் கையில் வாங்கியபோது அவர் முகத்தில் தோன்றிய நிம்மதியை நான் இன்றும் மறக்கவில்லை. அவசரப்பட்டு வட்டை அழித்திருந்தால் அவருக்கு யான் என்ன விடை கூறியிருப்பேன்?

நேயர்களே, உங்கள் அலுமாரியிலும் யாரோ ஒருவரின் பெயர் அவ்வாறு காத்திருக்கக்கூடும். வாசிக்கவில்லை என்பதனால் வட்டு வெறுமையென்று தீர்ப்பளியாதீர்கள்.