கொடுக்கும் கையின் திருநாள்

மும்பையில் வாழும் நம் இல்லங்களில் பொங்கல் நெருங்கியதும் பிள்ளைகள் கேட்பது, "எனக்கு என்ன வாங்கித் தருவீர்கள்?" என்பதே. பிழை அவர்களுடையதன்று. வயலும் தொழுவமும் காணாத பிள்ளைகளுக்குக் கடைவீதியையே நாம் திருநாளாகக் காட்டிவிட்டோம்.

தை முதல் நாள் கதிரவனுக்கும் மறுநாள் மாட்டுக்கும் நன்றி செலுத்துவது நம் மரபு. உழவர் வீட்டுப் பானை வீட்டாருக்கு மட்டும் பொங்குவதில்லை. நம்மைச் சூழ வாழும் மராத்திய மக்களும் சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் கலந்த உருண்டையை அளித்து, இன்சொல் பேசுமாறு வேண்டுகின்றனர்.

சென்ற பொங்கலன்று எங்கள் இல்லத்துச் சிறுவன் பரிசு இல்லையென்று முகம் வாடினான். அவனிடம் ஒரு தூக்கில் பொங்கலைக் கொடுத்து, "நம் வீட்டில் மாடில்லை, ஆயினும் நாள்தோறும் பால் வருகிறது. அதைக் கொண்டுவருபவருக்குக் கொடுத்து வா" என்றோம். உத்தரப் பிரதேசத்தவரான அப்பால்காரர் மகிழ்ந்து, தம் ஊரில் இத்திருநாளுக்குக் 'கிச்சடி' என்றே பெயர் என்றும், அரிசியும் பருப்பும் தானம் அளிப்பர் என்றும் கூறினாராம்.

"அவர் ஊருக்குப் போய் ஆறு ஆண்டுகள் ஆயினவாம், நாளையும் கொடுக்கலாமா?" என்று கேட்டான் சிறுவன். அவரும் நம்மைப்போல் ஊரைப் பிரிந்தவர் என்பதை அவன் சொல்லித்தான் நாங்கள் உணர்ந்தோம்.

அன்பர்களே, பிள்ளைகளுக்குப் பரிசளிப்பதை நிறுத்த வேண்டுவதில்லை. வரும் பொங்கலில் அவர்கள் பிறருக்குக் கொடுப்பதற்கும் ஒன்றை அவர்கள் கையில் தருவோம். ஊரை விட்டு வந்த நாம் மரபை விட்டு வரவில்லை என்பதற்கு அதுவே சான்றாகும்.