பத்தும் பதினொன்றும்: ஒரு கதையின் இரு வழிநடைகள்



பத்தாண்டு நிறைவு விழாவில் உரையாற்றுமாறு செயலாளர் பணித்தபோது, பழந்தமிழ் நூலொன்றைப் பற்றி நான் பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றையும், அதிலிருந்து பிறந்த இரண்டு அனிமே தொடர்களையும். சிலர் புன்னகைப்பது தெரிகிறது. நானும் முதலில் புன்னகைத்தவன்தான்.

சென்ற ஆண்டு ஒரு விடுமுறை இரவில் என் மகளும் அவள் தோழியரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து வழக்காடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தொடர்களில் மூலத்தைக் காத்தது எது, கெடுத்தது எது என்பதே வழக்கு. சிறுபிள்ளைப் பேச்சு என்று எழுந்து போக இருந்தவன், அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் அமர்ந்துவிட்டேன். இந்த வட்டத்தில் நாம் எத்தனையோ முறை எழுப்பிய கேள்வி அல்லவா அது! ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "முதல்ல பாருங்கப்பா, அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்க" என்றாள் மகள். நியாயமான கட்டளை. மூலத்தைப் படித்தேன், இரண்டு தொடர்களையும் பார்த்தேன். அதன் பயனே இவ்வுரை.

கதையின் பெயர் ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட். எழுதி வரைந்தவர் ஹிரோமு அரகாவா என்னும் பெண்மணி. ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர். 2001 ஆம் ஆண்டில் ஒரு மாத இதழில் தொடங்கி 2010 ஜூன் திங்களில் நிறைவெய்திய இக்கதை 108 இயல்களும் 27 தொகுதிகளும் கொண்டது. எட்வர்ட், அல்போன்ஸ் என இரு சகோதரர்கள். இறந்த தாயை இரசவாதத்தால் மீட்க முயல்கிறார்கள். ஒன்றைப் பெற வேண்டுமானால் அதற்கு ஈடான ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பது அந்த வித்தையின் விதி. தாய் மீளவில்லை. மூத்தவன் இடக்காலை இழக்கிறான்; இளையவனோ உடல் முழுவதையும் இழக்கிறான். தம்பியின் உயிரை ஓர் இரும்புக் கவசத்தில் நிறுத்துவதற்காக அண்ணன் தன் வலக்கையையும் கொடுக்கிறான். இழந்ததை மீட்க இருவரும் மேற்கொள்ளும் பயணமே கதை.

இக்கதையைப் போன்ஸ் என்னும் ஒரே நிறுவனம் இருமுறை அனிமே ஆக்கியது. முதல் தொடர் 2003 அக்டோபரில் தொடங்கி ஓராண்டில் 51 பகுதிகளாக முடிந்தது. இயக்குநர் செய்ஜி மிசுஷிமா. அப்போது மூலக்கதை பாதிகூட வளரவில்லை. கணக்கைப் பாருங்கள்: மாத இதழ் ஆண்டுக்குப் பன்னிரண்டு இயல்களைத் தரும், வாரத் தொடரோ ஆண்டுக்கு ஐம்பது பகுதிகளைக் கேட்கும். ஊற்றைவிட இறைப்பு மிகுதி. ஆகவே நடுப்பகுதிக்குமேல் முதல் தொடர், மூல ஆசிரியரின் இசைவோடு, தன் வழியே சென்று தன் முடிவை அடைந்தது. இரண்டாம் தொடர் யசுஹிரோ இரியேயின் இயக்கத்தில் 2009 ஏப்ரலில் தொடங்கியது. 64 பகுதிகள், மூலத்தின் முடிவையே தன் முடிவாகக் கொண்டது. மூலத்தின் இறுதி இயல் வெளிவந்து ஒரு திங்கள் ஆவதற்குள் தொடரின் இறுதிப் பகுதியும் ஒளிபரப்பாயிற்று.

மாங்காவைப் படித்தவர்களில் ஒரு சாரார், இரண்டாவதே உண்மையானது, முதலாவது மூலத்துக்குச் செய்த துரோகம் என்பர். மறுசாரார், இரண்டாவது ஓட்டமாக ஓடுகிறது, முதலாவதில்தான் துயரம் நெஞ்சில் தங்குகிறது என்பர். என் மகள் முதற்சாரார். அவள் தோழி மறுசாரார். இருவரும் சான்று காட்டியே பேசினார்கள். அவற்றுள் மூன்றை மட்டும் இந்த அவையில் வைக்கிறேன்.

முதற்சான்று நீனா என்னும் சிறுமி. அரசு உரிமத்தை இழக்க அஞ்சிய தந்தை, தன் பெண்குழந்தையையும் வளர்ப்பு நாயையும் ஒன்றாகக் கலந்து ஒரே விலங்காக்கிவிடுகிறான். மூலத்தில் இது சில பக்கங்களில் முடிந்துவிடும். இரண்டாம் தொடரும் நான்காம் பகுதி ஒன்றிலேயே இதை முடித்துவிடுகிறது. முதல் தொடரிலோ, சகோதரர்கள் தேர்வுக்கு முன்பே அந்த வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள், குழந்தையோடு விளையாடுகிறார்கள், அதன் பிறகே கொடுமை நிகழ்கிறது. பழகிய குழந்தைக்கு அழுவது வேறு, கேள்விப்பட்ட குழந்தைக்கு இரங்குவது வேறு. ஹியூஸ் என்னும் அதிகாரியின் மரணமும் அப்படியே. இரண்டாம் தொடரில் பத்தாம் பகுதியில் இறக்கும் அவர், முதல் தொடரில் இருபத்தைந்தாம் பகுதிவரை நம்மோடு வாழ்கிறார்.

இரண்டாம் சான்று கதையின் கட்டுமானம். அந்த நாட்டின் எல்லையே ஒரு மாபெரும் இரசவாத வட்டம், அங்கே நடந்த போர்களும் கலகங்களும் அவ்வட்டத்தை வரையச் சிந்தப்பட்ட குருதி என்பது மூலத்தில் நெடுந்தொலைவு சென்றபின் வெளிப்படுகிறது. தொடக்கத்தில் தனிக்கதையாகத் தோன்றிய சிற்றூர்க் கலகம்கூட அப்போது தன் இடத்தில் போய்ப் பொருந்துகிறது. இந்தக் கோபுரத்தை முழுமையாக எழுப்பிக் காட்டியது இரண்டாம் தொடரே. 2003 இல் அதை எழுப்ப முனைந்தவர்களின் கையில் அடித்தளம் மட்டுமே இருந்தது.

மூன்றாம் சான்று தாய். மூலத்தில் எட்வர்ட், தாங்கள் அன்று உருவாக்கியதைத் தோண்டி எடுத்து ஆராய்கிறான். அது தாயே அன்று என்று தெளிகிறான். இறந்தவர் மீளார் என்னும் அறிவும், தம்பியின் உடல் எங்கோ மீட்கத்தக்கதாய் இருக்கிறது என்னும் நம்பிக்கையும் அந்தக் குழியிலிருந்தே பிறக்கின்றன. முதல் தொடரிலோ, அந்தப் பிழையிலிருந்து பிறந்த செயற்கை மனுஷி தாயின் முகத்தோடு வந்து பிள்ளைகளின் எதிரே நிற்கிறாள். அவளை அழிக்க வேண்டியவனும் மகனே. மூலத்தில் இல்லாத இக்காட்சி, மூலம் எழுப்பிய குற்றவுணர்வின் வேரையே தொடுகிறது. இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இவ்விடத்தில் எனக்குக் கை கொடுத்தவர் நம் பவணந்தி முனிவர். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துநின்று, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் கொண்டு வருவது வழிநூல். ஒரு கூற்றில் முதலோடு ஒத்துத் தொடங்கி, ஏனையவற்றில் வேறுபட்டுச் செல்வது சார்புநூல். இரண்டையும் நூல் என்றே அவர் ஏற்கிறார். ஒன்றை நூல் என்றும் மற்றதைப் பிழை என்றும் பிரிக்கவில்லை. இரண்டாம் தொடர் வழிநூல். முதல் தொடர் சார்புநூல். சார்புநூலை வழிநூலின் அளவுகோலால் அளந்ததே அந்த இரவு வழக்கின் சிக்கல்.

வழிநூலுக்குத் தொல்காப்பியர் காட்டும் தொகுத்தல், விரித்தல் என்னும் கூறுகளும் இங்கே பயன்படுகின்றன. மூலம் கையில் முழுதாய் இல்லாதவர்கள் இருந்ததை விரித்தார்கள்; அதனால் நீனாவுக்கு ஆயுள் கிடைத்தது. முழுக் கதையையும் சொல்லியாக வேண்டியவர்கள் தொடக்கத்தைத் தொகுத்தார்கள். யூஸ்வெல் என்னும் சுரங்க ஊரின் கதையைத் தன் இடத்தில் சொல்லாமலே கடந்துபோனார்கள். பார்வையாளர் ஐந்தாண்டுக்கு முன்பே பார்த்த கதைதானே என்னும் எண்ணமும் அவர்களுக்கு இருந்திருக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூலத்துக்கு உண்மையானது என்று போற்றப்படும் இரண்டாம் தொடரின் முதற்பகுதியே மூலத்தில் இல்லாத கதை! பனிக்கட்டி வித்தை வல்ல ஒருவன் தலைநகரைத் தாக்குவதாகப் புதிதாய்ப் புனைந்து தொடங்கினார்கள். தோழி இதைச் சுட்டியபோது மகளிடம் மறுமொழி இல்லை. முதல் தொடரின் இறுதியில் நாயகன் நம் உலகத்து ஜெர்மனிக்குப் போய்ச் சேர்வது வலிந்து ஒட்டியதாக இருக்கிறது என்று மகள் சொன்னபோது தோழியும் மறுக்கவில்லை. நல்ல வழக்கின் இலக்கணம் அது.

நண்பர்களே, இதையெல்லாம் இந்த அவையில் ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரு கடன் இருக்கிறது. வட்டம் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், இளங்கவிஞர் ஒருவர் பழங்கதை ஒன்றை மாற்றிப் பாடி இங்கே அரங்கேற்றினார். அன்று முதலில் எழுந்து, "மூலத்தில் இப்படி உண்டா?" என்று கேட்டவன் நான். அவர் ஏன் மாற்றினார், மாற்றியதால் எது துலங்கியது, எது கெட்டது என்று நான் கேட்கவில்லை. என் கேள்வியையே வேறு சிலரும் வழிமொழிந்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அந்தக் கவிதை குறையுள்ளதாகவே இருந்திருக்கலாம். ஆனால் குறை எது என்பதை நாங்கள் ஆராயவே இல்லை. கூடத்தில் வழக்காடிய அந்தப் பெண்கள் தாங்கள் வெறுத்த தொடரையும் கடைசிப் பகுதிவரை பார்த்துவிட்டே பேசினார்கள். நான் அந்தக் கவிதையை இரண்டாம் முறை கேட்கவும் இல்லை. இந்தப் பிழையை இம்மலரிலேயே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அரகாவாவின் கதை முடிவதைச் சொல்லி அமைகிறேன். எட்வர்ட் தன் வித்தையையே விலையாகக் கொடுத்துத் தம்பியை உடலோடு மீட்கிறான். அதன்பின் சகோதரர்கள் பழைய விதியைத் திருத்துகிறார்கள். பத்தைப் பெற்றால் பத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு நில்லாமல், தம்முடைய ஒன்றையும் சேர்த்துப் பதினொன்றாக அடுத்தவர்க்குக் கொடுப்பது என்பதே அவர்கள் கண்ட புதிய விதி. மூலத்திலிருந்து ஆக்குவோர் அனைவர்க்கும் இதைவிடச் சிறந்த இலக்கணத்தை நான் அறியேன். பெற்ற பத்தில் ஒன்றும் சிதறலாகாது. சேர்க்கும் ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும். ஒரு வழிநூலைக் கையில் எடுக்கும்போது அதில் பத்து இருக்கிறதா என்று எண்ணுவோம். அதோடு நின்றுவிடாமல் அந்தப் பதினொன்றாவதையும் தேடுவோம்.

நம் வட்டத்துக்குப் பத்து நிறைந்தது. பதினொன்றாம் ஆண்டின் முதற்கூட்டத்துக்கு அந்தக் கவிஞரை மீண்டும் அழைக்க வேண்டும் என்று செயலாளரை வேண்டுகிறேன். அழைப்பை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்று முதலில் எழமாட்டேன், இறுதிவரை கேட்பேன்.