உழைக்கும் பெண்ணும் பிறப்பு வீதமும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் பெண் உழைப்பது புதுமையன்று. இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் களை பிடுங்கியவளும் அரிவி வெட்டியவளும் அவளே. வரம்போரத்து மரக்கிளையில் ஏணை கட்டிக் குழந்தையைக் கிடத்துவாள். அழுகுரல் கேட்டால் கரையேறிப் பாலூட்டி, மீண்டும் வயலில் இறங்குவாள். அந்நாளில் வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளைகள் இருந்தனர். அவள் வேலை செய்வதாற் குடி குன்றுமென எவரும் அஞ்சவில்லை. அதனை வேலையென்றே எவரும் எண்ணவில்லை என்பது வேறு கதை!

2009 ஆம் ஆண்டிற் போர் முடிவுற்றபின் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. மகளிர் காலையிற் பேருந்தேறிச் சென்று, மாதந்தோறும் சம்பளம் பெறலாயினர். பிள்ளைப்பேற்றைக் குறைப்பதாகப் பழி சுமத்தப்படுவது இத்தகைய சம்பள வேலையே.

அப்பழி கணக்குக்குப் பொருந்துமா? 1950களில் இலங்கைப் பெண்ணொருத்தி சராசரியாக ஐந்து பிள்ளைகளுக்கு மேற் பெற்றாள். 2016 இல் அது 2.2 ஆயிற்று. ஆயினும், தொழிலில் ஈடுபடும் மகளிரோ பல பத்தாண்டுகளாக மூவரில் ஒருவர் என்னும் அளவைச் சுற்றியே நிற்கின்றனர். கல்வியும், காலந்தாழ்த்திய மணமும், குடும்பத்திட்டமுமே பிறப்பைக் குறைத்தன. 2019 இல் மூன்று இலட்சத்துக்கு மேலிருந்த பிறப்புகள் 2023 இல் இரண்டரை இலட்சத்துக்குக் கீழிறங்கின. அப்பொழுதும் மகளிரின் தொழிற்பங்கு உயரவில்லை.

ஐரோப்பாவிலும் இக்கணக்கு ஒருகாலத்திற் புரண்டது. 1980களுக்குப் பின்னர், பெண் வேலைக்குச் செல்வதை இயல்பெனக் கொண்டு குழந்தைக் காப்பகங்களை அமைத்த சுவீடனில், தாய் வீட்டிலிருத்தலே முறையெனக் கருதிய இத்தாலியைவிடப் பிறப்பு மிகுந்தது. அண்மையில் அங்கும் பிறப்பு வீழ்ந்துள்ளது; எனினும் இத்தாலியின் நிலைக்கு இறங்கவில்லை.

ஆகவே, ஆராய வேண்டுவது வேலையையன்று. குழந்தையைப் பார்ப்பது யார் கடன் என்னும் எண்ணத்தையே. மூன்றாம் பிள்ளைக்குக் குறுகியிருந்த மகப்பேற்று விடுமுறை, 2018 இன் சட்டத்திருத்தத்தால் எல்லாப் பேறுகளுக்கும் 84 நாட்களாயிற்று. நல்லதே. மறுபுறம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வெளிநாட்டுக்கு வீட்டுப்பணிக்குச் செல்வதை 2013 இல் அரசு தடுத்தது. 2022 இல் அவ்வயதை இரண்டாக்கிற்று. தந்தைக்கு அத்தகைய விதி இல்லை.

முன்னர் ஏணையை ஆட்ட அம்மம்மா இருந்தார். போர் பல குடும்பங்களைச் சிதறடித்துவிட்ட வன்னியில் அத்துணை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தொழிற்சாலையில் ஏணை கட்டவும் இயலாது. எண்பத்தைந்தாம் நாள் அத்தாய்க்கு எஞ்சுவன இரண்டே வழிகள்: வேலையை விடுதல், அன்றேல், குழந்தையை யாரிடமேனும் ஒப்படைத்து, அடுத்த பிள்ளையைத் தள்ளிவைத்தல்.